இரண்டு பேர் ஓட்டுகிற வண்டி

ஜூலை 2, புதன்

இந்த டைரி 2019-இல் யூனியன்காரர்கள் அத்தைக்குக் கொடுத்தது. ஆறு வருஷமாகப் பீரோவுக்குள் பாச்சை உருண்டையோடு கிடந்தது. தேதி சரி, கிழமை தப்பு. கிழமையைப் பேனாவால் அடித்துவிட்டு எழுதுகிறேன். யாரிடமாவது சொல்லியாக வேண்டும், அத்தையிடம் இன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை.

ஆபீசிலிருந்து மெயில் வந்திருக்கிறது. ஆகஸ்டு ஒன்றிலிருந்து புது சாஃப்ட்வேர். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்களின் லேப்டாப்பை அவர்களே ஒரு சோதனை வைத்துப் பார்ப்பார்களாம். ஜூலை 31-க்குள் பாஸானால் வீட்டிலிருந்தே பார்க்கலாம். இல்லையென்றால் சென்னை ஆபீசுக்கு வந்து உட்கார வேண்டும்.

என் லேப்டாப்புக்கு ஒன்பது வயசு. ஒரு பக்கத்துக் கீல் உடைந்து, திரை விழாமல் இருக்க பால் பாக்கெட் ரப்பர் பேண்டு இரண்டு போட்டிருக்கிறேன். இது பாஸாவதாவது! சோதனை வைக்கிறவனைப் பார்த்தாலே படுத்துவிடும்.

வேலை என்னமோ நல்ல வேலைதான். அமெரிக்காவில் யாரோ ஆஸ்பத்திரியில் படுத்திருப்பார். டாக்டர் எழுதியதைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் நம்பர் போட வேண்டும். ஆமை கடித்தால்கூட தனி நம்பர் உண்டு. "பஸ்லேருந்து கண்டக்டரு விழுந்தா என்ன நம்பரு?" என்று அத்தை ஒருநாள் கேட்டாள். சொன்னேன். மறுநாளே மறந்துபோனதாகச் சொல்லித் திரும்பக் கேட்டாள்.

ஜூலை 3, வியாழன்

சொல்லவில்லை. கத்தரிக்காய் புளிக்குழம்பு, அப்பளம்.

ஜூலை 5, சனி

சொல்லிவிட்டேன். அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அப்போ புதுசு வாங்கணும்."

"ஆமா அத்தை."

"எம்புட்டு வச்சிருக்க?"

"சீட்டு எடுத்தா அறுபத்திரெண்டு."

"வாங்கு. இதுக்கா மூணு நாளா மூஞ்சிய உம்முனு வச்சிட்டு அலைஞ்ச? நான் என்னமோ ஏதோன்னு நெனச்சேன்."

அத்தையைப் பற்றி எழுத வேண்டும். பெயர் பிரம்மசக்தி. மாமா அரசு பஸ் டிரைவராக இருந்து காய்ச்சலில் போய்விட்டார். வாரிசு வேலை அத்தைக்கு வந்தது. அத்தை டிரைவர் வேலைதான் கேட்டாளாம். அதற்காகவே ஓட்டப் பழகி, ஹெவி லைசென்சும் எடுத்து வைத்திருந்தாள். ஆபீசில் சிரித்துவிட்டு விசிலைக் கையில் கொடுத்தார்கள். இருபத்துநாலு வருஷம் கண்டக்டர். ஒருநாள்கூட ஸ்டியரிங்கைத் தொட விட்டதில்லை. லைசென்ஸ் காலாவதியாக ஆகத் தவறாமல் புதுப்பித்தாள். கடைசியாகப் புதுப்பித்தபோது எதற்கு என்று கேட்டேன். "கெடக்கட்டும்" என்றாள்.

கொரோனாவில் பஸ் ஓடாத மாசங்களில் அவளுக்குப் பித்துப் பிடித்த மாதிரி இருந்தது. அப்போது என் லேப்டாப்பில் ஒரு பஸ் ஓட்டும் கேமை ஏற்றிக் கொடுத்தேன். நம்ம ஊர் பஸ், நம்ம ஊர் ரோடு எல்லாம் காலேஜ் பிள்ளைகள் செய்து சும்மா விட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து என் வேலை முடிந்ததும் சாயங்காலம் ஐந்தரைக்கு அத்தைக்கு டியூட்டி. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் வரை எல்லா ஸ்டாப்பிலும் நின்று போவாள். விசிலை வாயில் வைத்துக்கொண்டு தானே ஊதித் தானே எடுப்பாள். ஒரு கோடு போட்ட நோட்டில் டிரிப் ஷீட் எழுதுவாள். டிரைவர்: பிரம்மசக்தி. கண்டக்டர்: பிரம்மசக்தி. இதுவரை பதினோராயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்.

ஒரே குறை, மழை. கேமில் மழை பெய்தால் பழைய லேப்டாப் திணறி நின்றுவிடும். அதனால் வானம் கறுத்ததும் அத்தை பஸ்ஸை ஓரம் கட்டி நிறுத்தி, "கொஞ்சம் பொறுங்கய்யா, மழ வெறிக்கட்டும்" என்று இல்லாத பயணிகளிடம் சொல்லுவாள். மாஞ்சோலை மலை ரோடும் அப்படித்தான். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் படம் உறைந்துபோகும். மாமா ஓட்டிய ரோடு அது. பிறகு அத்தை ஆறு வருஷம் அதே பஸ்ஸில் விசில் ஊதினாள். அந்த ரோட்டில் ஒருதடவை ஓட்ட வேண்டும் என்று சொல்ல மாட்டாள். நாலு வருஷத்தில் நாற்பது தடவை மூன்றாவது வளைவில் போய் நின்றிருக்கிறாள், அவ்வளவுதான்.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் என் அண்ணன் சங்கரபாண்டி சென்னையிலிருந்து போன். ஆபீஸ் விஷயம் கேட்டதும் அவனுக்கு ஒரே சந்தோஷம். "சாமி தொறந்துவிட்ட வழி இது. இங்க வா. இன்னும் எத்தன நாளு அந்தப் பொம்பள வீட்ல கெடப்ப? ஒனக்கு அங்க என்ன இருக்கு? ஆடி வேற பொறக்குது, ஆடிக்குப் பொறந்த வீட்டுக்கு வாரதுதான மொற" என்றான். எனக்கு முப்பத்தாறு வயசு. ஆடிக்குக் கூப்பிடுகிறான்.

எனக்கு இங்கே என்ன இருக்கிறது என்று அவன் கேட்பது நியாயம்தான். என்னைக் கட்டியவர், அத்தையின் மகன், புனேயில் வேறொருத்தியோடு இருக்கிறார். கோர்ட்டில் விவாகரத்து முடிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் பெட்டியைக் கட்டிய அன்றைக்கு அத்தை வாசலில் நின்று, "போனவன் போனான். நீ எதுக்குப் போற? இது என் சம்பாத்தியத்துல கட்டுன வீடு. நான் சொல்லுதேன், இரு" என்றாள். இருந்துவிட்டேன். அதற்கு நன்றி என்று இதுவரை சொன்னதில்லை. எப்படிச் சொல்லுவது என்று தெரியவில்லை.

பத்து மணிக்கு அவர் அத்தைக்குப் போன் செய்தார். அத்தை மாடிக்குப் போய்ப் பேசினாள். நான் ஒட்டுக்கேட்கவில்லை. துணி காயப்போட மாடிப்படி வரை போனேன். "ஒன் பழைய லேப்டாப்பு ஒண்ணும் வேண்டாம்" என்பது மட்டும் காதில் விழுந்தது.

மத்தியானம் அண்ணன் திரும்பவும் கூப்பிட்டான். அவன் சொன்னதைச் செய்துவைத்தேன். என்ன என்று எழுத வேண்டாம்.

ஜூலை 9, புதன்

அரை நாள் லீவு போட்டு நம்ம திருநெல்வேலி வண்ணாரப்பேட்டைக்குப் போனோம். பஸ்ஸில் இளவட்டக் கண்டக்டர் ஒருவன் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்தான். அத்தை விடுவாளா? "தம்பி, படி ஒனக்கா பாசஞ்சருக்கா? உள்ள ஏறு" என்றாள். அவன் உள்ளே வந்து கடைசி வரை எங்களைப் பார்க்கவே இல்லை.

சதக்கத்துல்லா பாயின் கம்ப்யூட்டர் கடை சின்னதுதான். ஆனால் மனுஷர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விற்கிற அவசரமில்லாமல் பேசினார். ஆபீஸ் அனுப்பிய பட்டியலைக் காட்டினேன். பிராசசர் புதிதாக வேண்டும், ரேம் பதினாறு வேண்டும், வலது பக்கம் தனியாக நம்பர் கட்டைகள் வேண்டும். நாள் முழுக்க நம்பர் அடிக்கிறவளுக்கு அது இல்லாவிட்டால் விரல் ஒடிந்துவிடும்.

"இதுக்கு ஒல்லியா ஒண்ணு இருக்கு. அம்பதுக்குள்ள முடிஞ்சிரும்" என்றார் பாய்.

"கேம் ஓடுமா பாய்?" என்றேன்.

"அதுல ஓடாதும்மா. அதுக்குக் கிராஃபிக்ஸ் கார்டு தனியா வேணும். குண்டு லேப்டாப்பு அது. சூடாகும், காத்தாடி சத்தம் போடும், பேட்டரி ரெண்டு மணி நேரத்துக்கு மேல நிக்காது."

அத்தை குறுக்கே வந்தாள். "கேமெல்லாம் எதுக்கு? அவ வேலைக்கு என்ன வேணுமோ அதப் பாருங்க."

"வேலைக்கே அந்தக் கார்டு வேணும் அத்தை" என்றேன். பாய் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

பிறகு அத்தைக்கு அவர் ஒவ்வொன்றாக விளக்கினார். பிராசசர்தான் டிரைவர். ரேம் என்பது உட்காருகிற சீட்டு, எத்தனை வேலை ஒரே நேரத்தில் உட்கார முடியும் என்பது. எஸ்எஸ்டி சாமான் வைக்கிற இடம். ஒல்லி லேப்டாப்பில் ரேமைப் பலகையோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுகிறார்கள், பின்னால் கூட்ட முடியாது என்றார். அத்தைக்குக் கோபமே வந்துவிட்டது.

"சீட்ட வெல்டு வச்சிட்டா நாளைக்குக் கிழிஞ்சா என்ன செய்ய? அதெல்லாம் ஒரு வண்டியா? அது வேண்டாம்."

குண்டு லேப்டாப் எட்டு ரேமோடு ஐம்பத்தொன்பது. இன்னொரு எட்டு சேர்த்துப் போட்டால் அறுபத்தொன்றைத் தொடும். ஒரே இடத்தில்தான் விட்டுக்கொடுக்க வேண்டும், திரை. நிறம் கொஞ்சம் மங்கல். நல்ல திரை வேண்டுமென்றால் எண்பதுக்குப் போக வேண்டும்.

"கண்ணாடி மங்குனா என்ன, பாத்து ஓட்டிக்கிடலாம்" என்றாள் அத்தை. சொல்லிவிட்டு, "வேலையச் சொல்லுதேன்" என்றாள்.

ஜூலை 10, வியாழன்

இன்றைக்கு நம்பர் போட்டது எழுபத்திரண்டு சார்ட். இடுப்பு வலி. இடுப்பு வலிக்கும் நம்பர் உண்டு.

ஜூலை 13, ஞாயிறு

அடுப்படியில் சண்டை. பாய் சொல்லியிருக்கிறார், ஆடித் தள்ளுபடியில் மூவாயிரம் குறையும், பத்து நாள் பொறுங்கள் என்று. அத்தை பொறுக்க மாட்டேன் என்கிறாள். வியாழக்கிழமை ஆடி பிறக்கிறது, ஆடியில் புது வண்டி எடுக்கக் கூடாதாம்.

"அது வண்டி இல்ல அத்தை, லேப்டாப்பு."

"எதா இருந்தா என்ன? ஒன் பொழப்பு அதுல ஓடுது. ஆடிலயா எடுப்பா?"

"மூவாயிரம் அத்தை! மூணு மாசப் பால் காசு."

"பாலக் கொறப்போம்."

கடைசியில் எப்போதும் போல அவள்தான் ஜெயித்தாள். புதன்கிழமை வாங்குவது என்று முடிவு.

ஜூலை 14, திங்கள்

அத்தை காலையில் தனியாக எங்கோ போய்விட்டு வந்தாள். கேட்டதற்கு, பென்ஷன் விஷயம் என்றாள்.

ஜூலை 16, புதன்

வாங்கியாயிற்று!

அத்தை சந்தனம், குங்குமம், ஒரு முழம் பிச்சிப்பூ எல்லாம் தயாராக வைத்திருந்தாள். நான் சார்ஜ் வயரைச் செருகத் திரும்பிய நேரத்தில் லேப்டாப்புக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து, மேலே ஒரு அழுத்து அழுத்தப் போனாள்.

"அத்தை!" என்று நான் கத்திய கத்தில் எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது.

"புது வண்டிக்கு நசுக்க வேண்டாமா?"

"சாறு உள்ள போச்சுன்னா அறுபதாயிரமும் போச்சு!"

பழம் உருண்டு போய்க் கட்டிலுக்கு அடியில் விழுந்தது. நல்லவேளை. அதைப் பிழிந்து இரண்டு டம்ளர் சர்பத் போட்டோம். குங்குமத்தை மட்டும் மூடியில் ஓரமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். நடுவில்தான் வைத்திருக்கிறாள்.

சாயங்காலம் கேமை ஏற்றினேன். பழைய லேப்டாப்பிலிருந்த அவளுடைய கிலோமீட்டர் கணக்கெல்லாம் பென் டிரைவில் எடுத்துப் புதியதில் போட்டேன். டிரிப் ஷீட்டோடு சரிபார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்றாள். திருச்செந்தூர் ரோடு பளிச்சென்று வந்தது. மங்கலான திரையே இப்படியா என்று இருந்தது. காத்தாடி, ஏற்றத்தில் ஏறுகிற பழைய பஸ் மாதிரி உறுமியது. அந்தச் சத்தம் அத்தைக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

"மாஞ்சோல போவமா அத்தை?"

"இன்னைக்கா? சும்மா இரு. ஆடிப் பதினெட்டு அன்னைக்கு. ஆத்துல குளிச்சிட்டு வந்து எடுக்கேன்."

நாலு வருஷம் காத்திருந்தவளுக்கு இன்னும் பதினெட்டு நாள் பெரிதில்லை போலிருக்கிறது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. இன்றைக்கு நான் ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறேன், இதை எழுதிவைக்க வேண்டும்.

ஜூலை 21, திங்கள்

ஆபீஸ் அனுப்பிய சோதனையை வைத்துப் பார்த்தேன். பதினொன்றில் பத்து பச்சை, ஒன்று சிவப்பு. வேலை பார்க்கும் கணினியில் விளையாட்டு மென்பொருள் இருக்கக் கூடாது.

பிராசசர் பார்த்தேன், ரேம் பார்த்தேன், நம்பர் கட்டை பார்த்தேன். இதைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பழையதில் நாலு வருஷமாக இரண்டும் ஒன்றாகத்தான் ஓடின, யாரும் கேட்டதில்லை. மடச்சி.

அத்தை பின்னால் காப்பியோடு நின்றிருந்தாள். "என்னது செவப்பா இருக்கு?"

"நெட்டு சரியில்ல அத்தை" என்று மூடிவிட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

ஆபீசில் கணினி விஷயங்களைப் பார்க்கும் திவாகரோடு பேசினேன். சின்னப் பையன், மரியாதையான பையன்.

"மேடம், பேஷண்ட் ரெக்கார்டு பார்க்கற மெஷின். கேம் இருந்தா கண்டிப்பா பாஸ் ஆகாது. எடுத்துடுங்க, அஞ்சு நிமிஷ வேலை."

அஞ்சு நிமிஷ வேலைதான்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. அத்தை குறுக்குத்துறை ஆற்றுக்குக் குளிக்கப் போனாள். முன்பெல்லாம் இன்றைக்குப் பாபநாசம் ஸ்பெஷல் பஸ்ஸில் விடிகாலையிலிருந்து டியூட்டி இருக்கும். கூட்டத்தில் டிக்கெட் போட்டுப் போட்டுக் கை வீங்கிவிடும் என்பாள்.

அவள் வருவதற்குள் கேமை எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அழிக்கவா என்று அது கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். மூன்று தடவை. நாளைக்குப் பார்க்கலாம்.

சென்னையில் பெண்கள் ஹாஸ்டலில் வாடகை எவ்வளவு என்று சும்மா பார்த்தேன். சும்மாதான்.

ஜூலை 26, சனி

காலையில் திறந்தால் கேம் இல்லை.

தேடினேன். எங்கேயும் இல்லை. அத்தை சுத்தமாக எடுத்துவிட்டிருக்கிறாள். கேமில் புதுப் பஸ், புது ரோடு எல்லாம் தானே ஏற்றத் தெரிந்தவளுக்கு எடுக்கத் தெரியாதா?

"எதுக்கு அத்தை எடுத்திய?"

"அலுத்துப்போச்சு. எத்தன நாளு அதே ரோட்ல போவேன்? கண்ணு வேற எரியுது."

கண் எரிகிறதாம். ஊசியில் நூல் கோக்கிற கண்.

சோதனை வைத்தேன். பதினொன்றும் பச்சை. நான் சென்னைக்குப் போக வேண்டாம். வேலை தப்பியது. துள்ளிக் குதிக்க வேண்டிய நாள்.

சாயங்காலம் ஐந்தரைக்கு அத்தை டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். டிவி போடவில்லை. அவள் கடைக்குப் போன நேரத்தில் டிரிப் ஷீட் நோட்டை எடுத்துப் பார்த்தேன். நேற்றைய தேதியில் கடைசி டிரிப். அதற்குக் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு. 'டியூட்டி முடிந்தது. வண்டி ஒப்படைக்கப்பட்டது.' கையெழுத்து. ரிட்டயர் ஆன அன்றைக்கு டிப்போவிலும் இப்படித்தான் எழுதிக் கொடுத்ததாக ஒருதடவை சொல்லியிருக்கிறாள்.

அழுதேன். வெங்காயம் உரித்துக்கொண்டே அழுததால் அத்தை ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

நீளமாக எழுத வேண்டிய நாள்.

சதக்கத்துல்லா பாய் கடைக்குத் தனியாகப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"ஒங்க மாமியா அன்னைக்குத் தனியா வந்தாங்கம்மா. வாங்குறதுக்கு ரெண்டு நாளு முன்னாடி. 'அவ வேலைக்கு அந்தக் கார்டு வேணுமா, உண்மையச் சொல்லுங்க'ன்னு கேட்டாங்க. நான் பொய் சொல்ல முடியுமா? தேவையில்லன்னுட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"அந்தக் குண்டு லேப்டாப்பையே பாத்தாங்க. பெறவு, 'எனக்காவ பொய் சொல்லுதா. சொல்லிட்டுப் போட்டும். நான் கேட்டேன்னு அவகிட்ட சொல்லாதீங்க'ன்னு சொல்லிட்டுப் போய்ட்டாங்க."

பென்ஷன் விஷயமாம், பென்ஷன்!

பாய்க்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். கடை சாத்துகிற நேரம், ஞாயிற்றுக்கிழமை அரை நாள். ஆனாலும் உட்காரவைத்து, அதே மாடல் ஒன்றைத் திருப்பிப் போட்டு அடிமூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே எஸ்எஸ்டி செருக இரண்டு இடம். ஒன்று காலியாக இருந்தது.

"இங்க இன்னொண்ணு போடுங்க. அதுக்குத் தனி விண்டோஸ். காலையில ஒங்க எஸ்எஸ்டி மட்டும் வேல செய்யும், இதைப் பூட்டிரலாம், பாஸ்வேர்டு ஒங்ககிட்ட. சாயங்காலம் இது, அப்ப அதப் பூட்டிரணும். வண்டி ஒண்ணு, டிரைவர் ரெண்டு. ஒருத்தர் டியூட்டில இன்னொருத்தர் தலையிட முடியாது. ஆனா ஒங்க ஆபீஸ்ல கேட்டுட்டுத்தான் செய்யணும். கேக்காமச் செய்யாதீங்க."

வீட்டுக்கு வந்தேன். அத்தை வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்தாள். நான் அவள் முன்னால் உட்கார்ந்து, பாய் எல்லாம் சொல்லிவிட்டார் என்றேன். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அந்த ஆளு நாக்கு நிக்காது போலிருக்கு."

"கண்ணு எரியுதுன்னு பொய் சொன்னியள்லா?"

"கார்டு வேலைக்கு வேணும்னு நீ சொல்லலியா? அதுக்கு இது சரியாப் போச்சு."

"மாஞ்சோல போறதுக்கு ஒரு வாரந்தான் இருந்துச்சு அத்தை. எதுக்கு அவசரப்பட்டு எடுத்திய?"

அவள் பூவைக் கீழே வைத்தாள். இடுப்பிலிருந்து போனை எடுத்து, மெசேஜைத் திறந்து என் கையில் கொடுத்தாள். ரயில் டிக்கெட். ஜூலை முப்பது, நெல்லை எக்ஸ்பிரஸ், என் பெயர்.

ஆறாம் தேதி அண்ணன் சொன்னதைச் செய்தேன் என்று எழுதினேனே, இதுதான். வேண்டாமென்றால் கேன்சல் செய்துகொள்ளலாம், போட்டு வை என்றான். போட்டு வைத்தேன். டிக்கெட் கணக்கு எப்போதோ அத்தையின் போன் நம்பரில் ஆரம்பித்தது. எனக்கு அது நினைவே இல்லை.

"எஸ் த்ரீ, நாப்பத்தொண்ணு, லோயர் பெர்த்து" என்றாள் அத்தை. "எனக்குப் பாடமே ஆயிட்டு."

"மூணு வாரமா தெரியுமா அத்தை? ஒரு வார்த்த கேக்கலியே!"

"என்னன்னு கேப்பேன்? என் வயித்துல பொறந்தவனே இருக்கல. நீ போறேன்னா புடிச்சு வைக்க எனக்கு என்ன பாத்தியத இருக்கு? அந்தச் செவப்ப அன்னைக்கே வாசிச்சிட்டேன். இதாலதான் நீ போவேன்னா, இந்தக் கேம் எனக்கு எதுக்குட்டி? பயந்துட்டேன், அவ்ளோதான்."

இருபத்துநாலு வருஷம் குடிகாரர்களை எல்லாம் ஒற்றைக் கையால் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டவள். பயந்துவிட்டாளாம், என்னை நினைத்து.

அங்கேயே அவள் முன்னால் டிக்கெட்டைக் கேன்சல் செய்தேன். மூன்று வருஷமாகச் சொல்லாததையும் சொல்லிவிட்டேன். "அன்னைக்கு இருன்னு சொன்னியள்லா அத்தை. ரொம்ப நன்றி" என்றேன். கேட்க எனக்கே என்னவோ போல இருந்தது.

"நன்றியாம். போ, போய் அடுப்பப் பாரு, சோறு பொங்குது" என்றாள்.

சோறு பொங்கவில்லை. இன்னும் உலையே வைக்கவில்லை.

ஜூலை 28, திங்கள்

திவாகருக்கு ஒளிக்காமல் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். மாமியார், கேம், இரண்டு எஸ்எஸ்டி, பூட்டு. பஸ் என்று எழுதியதை மட்டும் அழித்தேன். பிறகு திரும்பவும் எழுதினேன்.

ஜூலை 29, செவ்வாய்

பதில் இல்லை.

ஜூலை 30, புதன்

மத்தியானம் பதில் வந்தது. மேலிடத்தில் கேட்டிருக்கிறார். வேலைக்கான எஸ்எஸ்டியை அவர்களே தூரத்திலிருந்து பூட்டுவார்கள், அதில் வேறு எதுவும் கூடாது. இரண்டாவது, வேலை நேரத்தில் அணைந்திருக்க வேண்டும். மாசம் ஒருமுறை சோதனை உண்டு. சம்மதமென்றால் ஆட்சேபணை இல்லை. கடைசியில் ஒரு வரி: 'உங்க மாமியாருக்கு ஆல் தி பெஸ்ட் சொல்லுங்க மேடம்.'

திவாகர், நீ நல்லா இருக்கணும்.

சாயங்காலமே பாய், கடையில் யாரோ கழற்றிக் கொடுத்த எஸ்எஸ்டி ஒன்றைச் சோதித்துப் போட்டுக் கொடுத்தார். பாதி விலைதான். நல்லவேளை, ரேம் மாதிரி இதையும் பற்றவைத்த வண்டியை நாங்கள் எடுக்கவில்லை. அத்தையிடம் சொல்லவில்லை. பென் டிரைவில் அவளுடைய பதினோராயிரம் கிலோமீட்டரும் பத்திரமாக இருந்தது. புதியதில் ஓட்டிய பத்து நாள் மட்டும்தான் போயிற்று.

ஜூலை 31, வியாழன்

பதினொன்றும் பச்சை, இரண்டாவது எஸ்எஸ்டி உள்ளே இருக்கும்போதே.

அண்ணனைக் கூப்பிட்டு வரவில்லை என்றேன்.

"கிறுக்கா ஒனக்கு? அந்தம்மா ஒனக்கு யாரு இப்ப? கோர்ட்லயே முடிஞ்சிபோச்சு."

"கோர்ட்ல அவரோடதான முடிஞ்சது. அத்தையோட ஒண்ணும் முடியல" என்றேன்.

கிறுக்கி என்று இன்னொருதடவை திட்டினான். பிறகு, தீபாவளிக்காவது வா என்றான். அத்தையையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன். சரி என்றான். அவனும் நல்லவன்தான்.

ஆகஸ்டு 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ஆற்றில் தண்ணீர் நன்றாக வந்தது. குளித்துவிட்டு வந்து புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, வடகம். சாப்பிட்டுவிட்டு அத்தை பாயை விரிக்கப் போனாள்.

"படுக்காதீங்க. டியூட்டி இருக்கு."

"என்ன டியூட்டி?"

லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். டிப்போ வாசலில் பஸ் நின்றது. போர்டில் மாஞ்சோலை.

அத்தை என் முகத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். "ஒன் வேல?" என்றாள் முதலில். பூட்டு விஷயத்தைச் சொன்னேன், திவாகர் சொன்னதைச் சொன்னேன், பச்சையைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள். அப்புறம்தான் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

பீரோவிலிருந்து அவளுடைய காக்கிக் கோட்டை எடுத்து வந்தேன். தலையை ஆட்டினாள். "அது கண்டக்டர் கோட்டு. எனக்கு வேண்டாம்."

"சரி, விசில் எனக்கு" என்று கோட்டுப் பையிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

இரண்டு விசில் கொடுத்தேன். வண்டி கிளம்பியது. கல்லிடைக்குறிச்சி, மணிமுத்தாறு, செக்போஸ்ட். முதல் வளைவு, இரண்டாவது வளைவு. அத்தையின் உதடு ஏதோ முணுமுணுத்தது. மூன்றாவது வளைவு தெரிகிற இடத்தில் திரை இருண்டு, மழை பிடித்துக்கொண்டது. சரியான மழை.

அவள் விரல் தானாகக் கட்டையிலிருந்து எழுந்தது. "மழை வந்துட்டு. ஓரங்கட்டணும்லா."

"வேண்டாம் அத்தை. போங்க" என்று இரண்டு விசில் ஊதினேன். வீடே அதிர்ந்தது.

வைப்பர் அடித்தது. காத்தாடி உறுமியது. பஸ் வளைவில் அகலமாகத் திரும்பி, ஒரு திணறலும் இல்லாமல் மேலே ஏறியது. நாலாவது வளைவை அத்தை வாழ்க்கையில் முதல்முதலாக டிரைவர் பக்கத்திலிருந்து பார்த்தாள்.

"ஏட்டி! நிக்கலட்டி! மழைலயும் போவுது பாரு!"

கண்ணைத் துடைக்கவும் கையை எடுக்காமல் ஓட்டினாள். நான் துடைத்துவிட்டேன். மாஞ்சோலை போய்ச் சேர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு ஸ்டாப்பையும் விடவில்லை.

இறங்கியதும், அதாவது நாற்காலியிலிருந்து எழுந்ததும், நோட்டை எடுத்தாள். ஸ்கேல் வைத்துப் போட்ட இரண்டு கோட்டுக்குக் கீழே தேதி, தடம், கிலோமீட்டர் எல்லாம் எழுதினாள். டிரைவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கண்டக்டர் என்ற இடத்தை விட்டுவிட்டு, பேனாவை என்னிடம் நீட்டினாள்.

செண்பகவல்லி என்று முழுசாக எழுதினேன்.